பத்து நாள் அட்மிஷனில் குடி தீராது: கிளினிக்கிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவருக்கு 46 வயது. ரத்த அழுத்தத்துக்காக எட்டு மாதமாக என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது, ஆனாலும் அழுத்தம் 160/100-க்குக் கீழே இறங்கவில்லை. ஒருநாள் சீட்டை வாங்கக் கையை நீட்டியபோது விரல்கள் நடுங்குவதைப் பார்த்தேன். மணி காலை ஒன்பதரை. டாஸ்மாக் கடை திறக்க இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒழுங்காகக் கேட்டேன். பன்னிரண்டு வருடமாகத் தினமும் ஒரு குவார்ட்டர் என்றார்.

அந்த எட்டு மாதமும் அவர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை.

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் இந்திய அளவில் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றது அந்த ஆய்வு. மீதி 37 பேரும் காணாமல் போய்விடவில்லை. வயிற்று எரிச்சல், ஆறாத புண், காசநோய், சர்க்கரை, வண்டியிலிருந்து விழுந்த காயம் என்று ஏதோ ஒன்றுக்காக அவர்களில் பலர் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தெருமுனை கிளினிக்குகளிலும் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சர்க்கரையையும் பிரஷரையும் எப்படி மாதாமாதம் பார்க்கிறோமோ, அப்படியே குடியையும் போதையையும் அங்கேயே பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். இதை நாம் எங்கெங்கே கோட்டைவிடுகிறோம் என்று சொல்கிறேன்.

கேட்கத் தெரியாமல் கேட்பது

"குடிப்பீங்களா?" என்று கேட்டால் "எப்பவாச்சும் சார்" என்றுதான் பதில் வரும். கேள்வியில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கும்போது வேறென்ன சொல்வார்? "போன வாரம் எத்தனை நாள் குடிச்சீங்கண்ணே? குடிக்கிற அன்னிக்குக் கட்டிங்கா, குவார்ட்டரா, ஆஃபா?" என்று அளவைக் கேட்டால் மனிதர் அளவைச் சொல்வார். மனைவியையோ மகனையோ பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இதைக் கேட்கக் கூடாது.

மருத்துவக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 10 கிராம் சுத்த ஆல்கஹால், அதாவது ஏறக்குறைய 30 மில்லி பிராந்தி. 180 மில்லி குவார்ட்டரில் ஆறு யூனிட் இருக்கிறது. "ஒரே ஒரு குவார்ட்டர்தான்" என்று வரும்போது நோயாளியும் டாக்டரும் அதைக் கொஞ்சமாக நினைத்துக்கொள்கிறார்கள். தினம் ஆறு யூனிட் பிரஷரை ஏற்றும், கல்லீரலைக் கெடுக்கும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் படுப்பவருக்கு ராத்திரியில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது. மொத்த மதிப்பெண் 40. எட்டைத் தொட்டால் கவனிக்க வேண்டிய குடி, இருபதைத் தொட்டால் அடிமை நிலையாக இருக்கக்கூடும். நர்ஸ் ஒருவரே சில நிமிடங்களில் கேட்டு முடித்துவிடலாம். பிரஷர் பட்டையைச் சுற்றும்போதே இதையும் கேட்டுவிட்டால் தனி வேலையாகத் தெரியாது.

"இன்னிக்கே நிறுத்து, இல்லன்னா செத்துருவே"

நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் இந்த வாக்கியம் சில நேரம் உயிருக்கே உலை வைக்கும். வருடக்கணக்கில் தினமும் குடித்த மூளை, சாராயம் தரும் மந்தத்துக்கு ஈடுகொடுக்கத் தன்னை எப்போதும் முறுக்கியே வைத்திருக்கும். சாராயத்தை ஒரே நாளில் எடுத்துவிட்டால் முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் சிலருக்கு ஜன்னி கண்டதுபோல் ஆகிவிடும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடுவார்கள், காய்ச்சல் அடிக்கும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும். வைத்தியம் பார்க்காமல் விட்டால் இதில் சாகிறவர்கள் உண்டு. கால் எலும்பு உடைந்து வார்டில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் இப்படிப் பிதற்றினால், பேய் பிடித்துவிட்டது என்று வீட்டார் மந்திரிக்கத் தேடுவார்கள். குடிப்பழக்கம் உண்டா என்று சேர்க்கும்போதே கேட்டிருந்தால் தடுத்திருக்கலாம்.

எல்லோரையும் படுக்கையில் போட வேண்டியதில்லை. முன்பு வலிப்போ குழப்பமோ வந்தவர், தலையில் அடிபட்டவர், காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ உள்ளவர், கர்ப்பிணி, வீட்டில் கூட ஆள் இல்லாதவர் ஆகியோரை மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டும். மற்றவர்களுக்கு, அந்த முறுக்கைத் தணிக்கும் குளோர்டயாசெபாக்சைடு போன்ற மாத்திரையை டாக்டர் நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்து, தினமும் வரவழைத்துப் பார்த்தால் வீட்டிலிருந்தே ஒரு வாரத்தில் கடந்துவிடலாம். அந்த மாத்திரையை மாதக்கணக்கில் எழுதித் தள்ளிவிடுவது இன்னொரு தவறு. பிறகு அதற்கும் அடிமையாகிவிடுவார்.

அப்புறம் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. தள்ளாடி வருகிறவருக்கு உடனே "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்போம். சோற்றை விட்டுக் குடித்தவர்களின் உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்பட்டு, கண் பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, ஞாபகசக்தியே நிரந்தரமாகப் போய்விடக்கூடும். தயமின் ஊசியை முதலில் போட வேண்டும், குறைந்தது குளுக்கோஸோடு சேர்த்தாவது போட வேண்டும். மலிவான ஊசி அது.

மாலையைக் கழற்றிய அடுத்த நாள்

"மாலை போட்டா 41 நாள் தொடவே மாட்டாரு டாக்டர். மனசு வெச்சா முடியுது. வேணும்னேதான் குடிக்கிறாரு." கார்த்திகை, மார்கழி முடிந்தால் இதைச் சொல்லாத மனைவி இல்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 41 நாளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காலையும் மாலையும் குளியல், உடம்பில் கறுப்பு வேட்டி. ஊரே "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறது. குடிக்கிற கூட்டாளியே அவரைக் கடைப்பக்கம் அழைக்கக் கூச்சப்படுகிறான். சாயங்காலம் ஏழு மணிக்குப் போவதற்கு பஜனை இருக்கிறது. மாலையைக் கழற்றும் நாளில் இத்தனையும் ஒரேயடியாகப் போய்விடுகிறது. அதே தெரு, அதே ஏழு மணி, கையில் அன்றைய கூலி. அவர் மறுபடி குடிப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

போதை மறுவாழ்வு மையத்திலிருந்து வீட்டுக்கு வரும் நாளும் இதேதான். பத்து நாளோ முப்பது நாளோ உள்ளே இருந்தார், உடம்பு தேறியது, "சரியாகிட்டாரு" என்று கூட்டிவந்தாயிற்று. சர்க்கரை 400-க்கு ஏறி அட்மிட் ஆனவரை, அளவு இறங்கியதும் "குணமாகிவிட்டது, இனி வர வேண்டாம்" என்று யாராவது அனுப்புவார்களா? குடியில் மட்டும் அப்படித்தான் அனுப்புகிறோம்.

நஞ்சிறக்குவது, அதாவது குடியை நிறுத்தி உடம்பைத் தேற்றுவது, வைத்தியத்தின் முதல் வாரம். வைத்தியம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகள் இருக்கின்றன. கல்லீரல் மோசமாக இருந்தால் முதலாவது சரிப்படாது, சிறுநீரகம் கெட்டிருந்தால் இரண்டாவது சரிப்படாது. இவற்றை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். முதல் மாதம் வாரம் ஒருமுறை வரச் சொல்லுங்கள், பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் பிரஷர், எடை, குடித்த நாட்கள், தூக்கம், சண்டை சச்சரவு எல்லாம் ஓர் அட்டையில் ஏறட்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன செய்வீர்கள் என்ற கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் நடந்தால் அது அந்த நேரத்துக்குப் பொருத்தமான இடம்.

காசநோயாளி மாத்திரை வாங்க வராவிட்டால் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய்த் தேடுகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாசல் வரை போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. குடி நோயாளி இரண்டு முறை வராவிட்டால் ஒரு போன் செய்வது அதைவிடப் பெரிய வேலையில்லை.

"மறுபடியும் வந்துட்டியா?"

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. போதைச் சிகிச்சைக்குப் பின் ஒரு வருடத்தில் 40 முதல் 60 சதவீதம் பேர் சறுக்குகிறார்கள் என்றும், ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளிடம் அதேபோன்ற பின்னடைவு 50 முதல் 70 சதவீதம் என்றும் அது ஒப்பிட்டுக் காட்டியது. பிரஷர் ஏறினால் மாத்திரையைக் கூட்டுகிறோம். குடி திரும்பினால் ஆளை விரட்டுகிறோம்.

சறுக்கிய மறுநாள் மருத்துவமனைப் படி ஏறி வருவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசியுங்கள். அங்கே சீட்டு கொடுக்கும் இடத்திலேயே ஒரு ஏளனச் சிரிப்பு கிடைத்தால் அடுத்த முறை அவர் கல்லீரல் முற்றிய பிறகுதான் வருவார். "வந்தீங்களே, நல்லதாப் போச்சு. எந்த இடத்துல வழுக்குச்சு?" என்று கேட்டால் போதும். முன்பு தினமும் குடித்தவர் இப்போது மாதத்தில் நான்கு நாள் குடிக்கிறார் என்றால் அது தோல்விக் கணக்கில் வராது. குறிக்கோள் முழுதாக நிறுத்துவதுதான், ஆனால் வழியில் குறைந்த ஒவ்வொரு நாளும் உடம்புக்கு லாபம்.

தெரியாமல் கலந்து கொடுப்பது

"குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கலாம்" என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்தைச் சாப்பிட்டவர் சாராயத்தைத் தொட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து இருக்கும். தெரிந்து, சம்மதித்து, டாக்டரின் பார்வையில் சாப்பிடுகிறவருக்கு அது உதவும். குழம்பில் கலந்து கொடுத்தால் விஷம். என்ன இருக்கிறதென்றே எழுதாத பொடிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேறு வழி தெரியாத தவிப்பில்தான் அந்தப் பெண்கள் இதைச் செய்கிறார்கள். அவர்களைத் திட்டாமல், அருகில் உட்காரவைத்து உண்மையைச் சொல்லுங்கள். அவர்களுடைய தூக்கத்தையும் உடம்பில் இருக்கும் அடிகாயத்தையும் பற்றி விசாரியுங்கள்.

ஊசி, வலி மாத்திரை, ஹெராயின்

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓபியம் வகைப் போதையில் சில வாரம் அடைத்துவைத்து நிறுத்திவிட்டு, மருந்து எதுவும் இல்லாமல் வெளியே விடுவது மிக ஆபத்தானது. உடம்பின் தாங்கும் சக்தி அதற்குள் குறைந்துவிடும். வெளியே வந்தவர் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம். அதே ஓபியம் வகையைச் சேர்ந்த, நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை இந்தச் சாவுகளைக் குறைக்கிறது, வேலைக்குப் போக வைக்கிறது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று வீட்டார் கேட்பார்கள். இன்சுலினை ஆயுளுக்கும் போடுகிறோமே என்று சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்கள். அவர் நன்றாக இருக்கிறார் என்பதற்காக அவசரப்பட்டு அதை நிறுத்தவும் கூடாது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடி, போதையால் வரும் மனநல பாதிப்புகளையும் நோயாகவே சேர்த்திருக்கிறது. ஆகவே சங்கிலியில் கட்டுகிற, அடிக்கிற எந்த இடமும் சிகிச்சை மையம் ஆகாது. கூட்டிப்போகும் முன் அங்கே டாக்டர் இருக்கிறாரா, பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பக்கத்து அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த நாளில் வருகிறார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். போனில் பேச 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண், 14416 மனநல ஆலோசனை எண், 104 தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண். கூப்பிடும் முன் மூன்று விஷயங்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: தினமும் எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. மூன்றாவதற்கு ஆமாம் என்றால் போனை வைத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.