கட்டிலில் கறுப்புக் கறை: என் அனுபவம்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் அத்தை வீட்டிலிருந்து வந்த பழைய கட்டிலைத் தேக்கு என்றே நினைத்திருந்தேன். தலைமாட்டுப் பலகையைத் துடைத்தபோது, ரேகைகளுக்குக் குறுக்கே வெள்ளிபோல மின்னும் பட்டைகள் தெரிந்தன. தேக்கில் அப்படி வராது. மையத்தை நோக்கி அறுத்த ஓக் பலகையின் அடையாளம் அது.

கால்மாட்டில் திருகாணிகளைச் சுற்றிக் கருநீலக் கறை. பூஞ்சை என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம்; இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுத்துவிடும். நாட்டு மருந்துக் கடை மாசிக்காய்கூட ஓக் மரத்தில் உண்டாவதுதான். அதோடு இரும்பு உப்பைச் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் எழுதும் மை செய்தார்கள். புதுச்சேரிக் கடற்காற்றில் என் கட்டிலும் தானே மை காய்ச்சிக்கொண்டது!

இரும்புத் திருகாணிகளைக் கழற்றிவிட்டுப் பித்தளை போட்டேன். பழைய மெழுகைத் துடைத்தெடுத்து, ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துப் பிரஷ்ஷால் தடவினேன். அது விஷம்; கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த ஜன்னல் கட்டாயம். கறை வெளிறியதும் நல்ல தண்ணீரில் பலமுறை துடைத்து, நிழலிலேயே நன்றாகக் காயவிட்டேன்.

அப்புறம் தேன்மெழுகு பாலிஷ், பருத்தித் துணியால். தேய்க்கும் இரும்புக் கம்பி நாரால் மட்டும் ஓக்கைத் தொடவே கூடாது. உதிரும் துகள் மறுபடி கறையாகும்.