சைவ்ஸ்: பனிக்காலத்தில் பிடுங்கி எறியாதீர்கள்

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் புதிதாகக் குடிவந்து வீட்டுத்தோட்டம் தொடங்குகிறீர்களா? முதலில் சைவ்ஸ் வையுங்கள். கறிவேப்பிலையைப் போல் பனிக்காலத்துக்கு வீட்டுக்குள் தூக்கி வைக்கத் தேவையில்லை. வெங்காயக் குடும்பம்தான், தாள் மெல்லியது, காரம் குறைவு.

விதை முளைக்க இரண்டு மூன்று கிழமை எடுக்கும். பழைய விதை பெரும்பாலும் முளைக்காது. மே மாதத்தில் நாற்றுச் சாடி ஒன்று வாங்கி நடுவதே நல்லது. அயலவரிடம் பழைய செடி இருந்தால் தயங்காமல் கேளுங்கள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதைத் தோண்டிப் பிரித்தால்தான் அவர்களுடைய செடியும் செழிக்கும். எட்டுப் பத்துக் கிழங்கு சேர்ந்த ஒரு பிடி உங்களுக்குப் போதும்.

ஆறு மணி நேர வெயில் வேண்டும். களிமண் என்றால் 20 செ.மீ ஆழம் கொத்தி, கொம்போஸ்ட் கலந்து, 25 செ.மீ இடைவெளியில் நடுங்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும்.

பலர் பிழைவிடுவது வெட்டுவதில்தான். நுனியை மட்டும் கத்தரித்தால் வெட்டிய இடம் காய்ந்து பழுப்பாகி, மொட்டைத் தாளாகவே நிற்கும். தாள் 15 செ.மீ வளர்ந்ததும், வெளிப்பக்கத்தில் இருந்து தொடங்கி, மண்ணுக்கு மேல் 4 செ.மீ விட்டு வெட்டுங்கள். ஜூன் வாக்கில் வரும் ஊதாப் பூவையும் சாப்பிடலாம். பூத்தண்டு நாராக இருக்கும், அதைச் சமைக்க வேண்டாம். பூவை முற்ற விட்டால் விதை கொட்டித் தோட்டமெங்கும் முளைக்கும்.

தாளில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே சிறு புழு இருந்தால் அது லீக் அந்துப்பூச்சியின் புழு. முழுவதையும் ஒட்ட வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், கொம்போஸ்டில் அல்ல. புதுத்தாள் வரும்.

நவம்பரில் தாள் மஞ்சளாகிச் சரிந்து, பிறகு ஒன்றுமே தெரியாது. செத்துவிட்டதென்று பிடுங்காதீர்கள், கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது. பனி கரைந்ததும், ஏப்ரலிலேயே, மற்றச் செடிகளுக்கு முன்னால் பச்சை எட்டிப்பார்க்கும். சாடியில் வளர்ப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். சாடி மண் உறைந்து, இளகி, மறுபடி உறைவதில் வேர் கெடும். அக்டோபரில் சாடியை நிலத்தில் புதைத்துவிடுங்கள், அல்லது வீட்டுச் சுவரோடு ஒட்டி வைத்துச் சருகால் மூடுங்கள்.

முட்டைப் பொரியலோ சொதியோ, அடுப்பை அணைத்த பிறகே தூவுங்கள். மிஞ்சியதை நறுக்கி ஃப்ரீசரில் வையுங்கள்; காயவைத்தால் வாசம் போய்விடும். நாய், பூனைக்கு இது நஞ்சு. அவை எட்டாத மூலையில் நடுங்கள்.