நவோஷிமாவில் ஜேம்ஸ் டரெல்லின் ஒளிப்படைப்புகளைப் பார்ப்பது எப்படி

ஜப்பானின் செட்டோ உள்நாட்டுக் கடலில் உள்ள சிறு தீவு நவோஷிமா. ஊனோ துறைமுகத்திலிருந்து படகில் சுமார் 20 நிமிடப் பயணம். அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரெல்லின் படைப்புகளில் மூன்று அங்குள்ள சிச்சு கலை அருங்காட்சியகத்திலும், இன்னொன்று ஹொன்முரா கிராமத்தின் மினாமிதெராவிலும் இருக்கின்றன. இரண்டு கட்டடங்களையும் வடிவமைத்தவர் ததாவோ அந்தோ. நுழைவு நேரத்தை முன்பதிவு செய்துகொண்டே புறப்படுங்கள். இரண்டையும் ஒரே மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள், ஏனெனில் இங்கே வேலை செய்ய வேண்டியது உங்கள் கண், அதற்கு அவகாசம் வேண்டும்.

சிச்சுவில் முதலில் 1968ஆம் ஆண்டுப் படைப்பான 'ஆஃப்ரம், வெளிர் நீலம்' முன் நில்லுங்கள். சுவர் மூலையில் ஒளியாலான கனசதுரம் ஒன்று மிதப்பதுபோல் தெரியும். பக்கவாட்டில் மெல்ல நடந்து அருகே சென்றால், அது இரு சுவர்களின் மேல் விழுந்த வெறும் ஒளி என்பது புலப்படும்.

'ஓப்பன் ஃபீல்டு' அறையில் அவசரமே கூடாது. காலணியைக் கழற்றிவிட்டுப் படிகளின் எதிரில் நிற்கும்போது, மேலே தெரியும் நீலச் செவ்வகம் சுவரில் மாட்டிய திரை என்றே தோன்றும். பணியாளர் அழைத்ததும் படியேறினால் அந்தத் திரைக்குள்ளேயே நடந்து போவீர்கள். உள்ளே மூலையோ விளிம்போ கண்ணுக்குப் பிடிபடாது; ஆகவே அவர்கள் சொல்லும் எல்லையைத் தாண்டாதீர்கள். சில நிமிடங்கள் கழித்து, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். நீலத்தில் தோய்ந்து களைத்த கண்ணுக்கு வெளியறை ஆரஞ்சு சாயலில் தெரியும். எனக்கு அந்த அறையில் மிகவும் பிடித்த கணம் அதுதான்.

மேற்கூரையில் சதுரமாக வானத்தைத் திறந்து காட்டும் 'ஓப்பன் ஸ்கை'யை அந்தி நேர நிகழ்ச்சியில் பார்க்க முடிந்தால் நல்லது.

மினாமிதெரா முற்றிலும் இருள். கையால் சுவரைத் தடவிக்கொண்டே போய் இருக்கையில் அமர வேண்டும். கைப்பேசியை அணைத்து உள்ளே வைத்துவிடுங்கள். அதன் சிறு வெளிச்சம் உங்களோடு அமர்ந்திருக்கும் அனைவரின் காத்திருப்பையும் வீணாக்கிவிடும். மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்களில் ரோடாப்சின் நிறமி மீண்டும் சேர்வதற்கு நேரம் பிடிக்கும். முழுமையாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம்கூட ஆகலாம். ஆனால் சில நிமிடங்களிலேயே எதிரே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று மெல்லத் துலங்கும். நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுப் பக்கமாகப் பாருங்கள், விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்கள் இல்லை. அந்த ஒளியை யாரும் புதிதாக ஏற்றவில்லை, நீங்கள் நுழைந்தபோதும் அது அதே அளவில்தான் இருந்தது. இரண்டாம் முறை போனால், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தும் கண் பழகும்வரை அதைக் காண முடியாது.