கல்யாண உடைக்குப் பேரம் பேசுவது எப்படி? முதன்முறை வாங்குபவர்களுக்கு

கல்யாண கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்ததும் என் தங்கையின் கண் கலங்கிவிட்டது. "இதுதான், வேறு எதுவும் பார்க்க வேண்டாம்" என்றாள். அம்மாவும் தலையாட்டிவிட்டார். உடை காட்டிய பெண் பக்கத்திலேயே நின்றிருந்தார். அதன் பிறகு நான் விலையைப் பற்றி என்ன சொன்னாலும் எடுபடவில்லை. என்ன விலை என்றாலும் நாங்கள் வாங்கிவிடுவோம் என்பது கடைக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அதில் கடைக்காரர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்களுக்குத்தான் பேசும் வரிசை தெரியவில்லை. அடுத்து சித்தி மகளுக்கு உடை எடுக்கப் போனபோது வரிசையை மாற்றிக்கொண்டோம், பலன் கிடைத்தது. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

உடையின் விலைச்சீட்டில் இருப்பது செலவில் ஒரு பகுதிதான். அளவு திருத்தித் தைக்கும் கூலி, உள்ளாடை, தலையில் அணியும் வலைத்துணி, காலணி, வரி, இஸ்திரி எல்லாம் பின்னால் வரிசையாக வரும். கையில் 100 பங்கு பணம் இருந்தால் உடைக்கு 75 பங்குக்கு மேல் ஒதுக்காதீர்கள். கடையில் "எவ்வளவுக்குள் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் அந்த 75-ஐ விடக் கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள். இது பொய் இல்லை, பேச இடம் வைத்துக்கொள்வது.

படி 2: நாள் கையில் இருக்கும்போதே கிளம்புங்கள்

ஆர்டர் கொடுத்துத் தைத்து வரும் கவுன் என்றால் பெரும்பாலும் 4 முதல் 6 மாதம் ஆகும், சில கடைகளில் அதற்கும் மேல். வந்த பிறகு அளவு திருத்த ஒன்றிரண்டு மாதம் வேண்டும். ஆகவே கல்யாணத்துக்கு 8 முதல் 10 மாதம் முன்பே தேட ஆரம்பிப்பது நல்லது. அவசரமாகப் போனால் பேரம் பேச முடியாது, அவசரக் கட்டணம் வேறு கேட்பார்கள். கூட்டம் இல்லாத வார நாளில், காலையில் போங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவருக்கு அப்போதுதான் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். "புதிய மாதிரிகள் எப்போது வரும்?" என்றும் கேட்டு வையுங்கள். அவை வருவதற்குச் சற்று முன்பு பழைய உடைகளைக் காலி செய்ய வேண்டிய தேவை கடைக்கே இருக்கும்.

படி 3: எந்த உடையில் விலை குறையும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக ஆர்டர் கொடுக்கும் உடையில் கடைக்காரருக்குக் கை கட்டப்பட்டிருக்கலாம். இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று தயாரிப்பு நிறுவனமே சொல்லியிருப்பது உண்டு. அங்கே விலையைப் பிடித்து இழுப்பதில் பயனில்லை. கடையில் ஏற்கெனவே தைத்து இருப்பில் உள்ள உடைக்குக் கொஞ்சம் குறையும். அதிகமாகக் குறைவது, எல்லோரும் போட்டுப் பார்ப்பதற்காகத் தொங்கவிட்டிருக்கும் மாதிரி உடையில்தான். "தொங்கவிட்டிருக்கும் இந்த உடையையே கொடுப்பீர்களா?" என்று கேட்கப் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

கேட்பதற்கு முன் உடையை நன்றாக வெளிச்சம் விழும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். முதலில் கீழ் ஓரம். பலர் போட்டு நடந்ததில் தரை அழுக்கு ஏறிக் கறுத்திருக்கும். அடுத்து கழுத்தும் அக்குளும். முகப்பூச்சும் வியர்வையும் கறை விடும் இடங்கள் அவை. ஜிப்பை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். மணி வேலைப்பாட்டின் மேல் உள்ளங்கையை மெல்ல ஓட்டினால், தளர்ந்த நூல் கையில் தட்டும். மெலிந்தவர்களுக்குப் பொருந்தச் செய்யப் பின்பக்கம் கிளிப் போட்டு இழுத்திருப்பார்கள், அங்கே துணி நைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக உடையை உட்புறமாகத் திருப்பி, பக்கத் தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரிய உடையைப் பிடித்துத் தைத்துவிடலாம். சின்ன உடையைப் பிரித்து விட வேண்டுமானால் உள்ளே துணி இருந்தாக வேண்டும். கல்யாணத்துக்குள் மெலிந்துவிடலாம் என்று நம்பிச் சின்ன அளவை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உடையை மட்டம் தட்டிப் பேசாமல் அந்தத் தாளை மட்டும் காட்டினால் போதும்.

படி 4: கேளுங்கள்

உடை காட்டுபவருக்குப் பெரும்பாலும் விலையைக் குறைக்கும் உரிமை இருக்காது. அவரிடம் நெருக்கிப் பேசி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். உரிமையாளரையோ மேலாளரையோ பார்க்க வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். அதற்கு முன்பே, திருத்தக் கூலி உட்பட மொத்தத் தொகையை எழுதி வாங்கிவிடுங்கள். மணப்பெண் அப்போது பக்கத்தில் இல்லாவிட்டால் இன்னும் நல்லது. எங்கள் சித்தி மகளை வெளியே அனுப்பிவிட்டு, சித்தி பேசினார்:

"அம்மா, உடை பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது. கீழ் ஓரத்தில் அழுக்கு இருக்கிறது, இரண்டு இடத்தில் மணி உதிர்ந்திருக்கிறது. நாங்கள் ஒதுக்கிய தொகை இது. இதற்குள் முடித்துக்கொடுத்தால் இன்றைக்கே முழுப் பணமும் கட்டிவிடுகிறோம்."

சொல்லிவிட்டுச் சித்தி பேசாமல் இருந்தார். பேரத்தில் கடினமான வேலை அதுதான். எதிரில் இருப்பவர் யோசிக்கும் அந்தச் சில விநாடிகளைப் பொறுக்க முடியாமல் நாமே தொகையை ஏற்றிவிடுகிறோம். உரிமையாளர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அந்தத் தொகைக்கு வராது அம்மா, கொஞ்சம் குறைக்கிறேன்" என்றார். "அப்படியானால் ஓரத்தைச் சுத்தம் செய்து, மணி தைத்து, நீளமும் குறைத்துக் கொடுங்கள்" என்றார் சித்தி. அதற்கு அவர் உடனே ஒப்புக்கொண்டார். தைக்கும் ஆள் கடையிலேயே இருந்ததால் அவருக்கு அது சுலபம். எங்களுக்கோ வெளியே கொடுத்தால் தனிச் செலவு. விலை இறங்காத இடத்தில் இப்படி வேலையாகக் கேளுங்கள்: அளவு திருத்தம், வலைத்துணி, இஸ்திரி, கல்யாண நாள் வரை உடையைப் பத்திரமாக வைத்திருப்பது.

ஒரே தையற்காரர் கையால் தைத்துத் தரும் சின்னக் கடையில் மட்டும் கூலியைக் குறைக்கச் சொல்லாதீர்கள். மணி வேலைக்கு நாள் கணக்கில் குனிந்து உட்கார்ந்திருப்பவர் அவர். "முதுகில் மணி வேண்டாம், லேஸ் மட்டும் போதும். இப்போது எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். வேலை குறையும்போது விலையும் நியாயமாகக் குறையும்.

படி 5: எழுதி வாங்குங்கள்

முன்பணம் பெரும்பாலும் மொத்தத்தில் பாதி இருக்கும், பல கடைகளில் திரும்பக் கிடைக்காது. கட்டுவதற்கு முன் ரசீதில் உடையின் மாதிரி எண், நிறம், அளவு, தருகிற தேதி, மீதித் தொகை ஆகியவற்றைச் சரிபாருங்கள். இலவசமாகச் செய்வதாகச் சொன்ன ஒவ்வொரு வேலையும் தனித்தனி வரியாக அதில் இருக்க வேண்டும். சித்தி வாங்கிய ரசீதில் "நீளம் குறைத்தல், கட்டணம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். திருத்தப் போன நாளில் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவர் கூலி கேட்டார். சித்தி ரசீதை எடுத்து நீட்டினார். அவர் படித்துவிட்டு அளவு நாடாவை எடுத்துவந்தார்.