ராம்நாடு கடற்கரை டீக்கடைப் பேச்சுல புதுசா கலந்துக்கிறது எப்படி?

வேலை மாத்தல்ல ராம்நாடு பக்கம் வந்தவங்க நாலஞ்சு பேரு என்கிட்ட ஒரே மாதிரி கேட்டுட்டாங்க, "அண்ணே, டீக்கடைல உக்காந்தா எல்லாரும் அவங்களுக்குள்ளயே பேசிக்கிறாங்க, நான் வாயைத் தொறந்தா டக்குனு அமைதியாயிடுறாங்க, என்ன தப்பு பண்றேன்"ன்னு. நான் மண்டபத்துக்காரன், பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத ஊரு, அதனால எனக்குத் தெரிஞ்சத வரிசையா சொல்றேன், வெக்கப்படுற ஆளுங்களுக்காகத்தான் இது.

மொதல்ல நேரம் பாருங்க

காலைல படகு கரைக்கு வந்து மீன் ஏலம் நடக்குறப்ப போயி பேச்சுக் குடுக்காதீங்க, அது அவங்களுக்கு ஆபீஸ் டைம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல, கிழிஞ்ச வலையைத் தைச்சுக்கிட்டோ சும்மா கடலப் பாத்துக்கிட்டோ உக்காந்திருப்பாங்க பாருங்க, அப்பதான் பேச்சு நல்லா ஓடும். டீ சொல்லுங்க, ஒரு வடை எடுங்க, போனை பாக்கெட்ல போடுங்க. மொத நாள் பேசவே வேணாம், அண்ணே வணக்கம்னு ஒரு தலையாட்டல் போதும், மூணாவது நாள் அவங்களே "தம்பி எந்த ஊரு"ன்னு கேப்பாங்க. வயசு கூடின ஆளுன்னா ஐயா, மத்தவங்களுக்கு அண்ணே. கீழக்கரைப் பக்கம் போனா காக்கான்னு கூப்பிடுறது காதுல விழும், அது அங்க அண்ணன், பறவை இல்ல, சிரிச்சிறாதீங்க.

காத்துல ஆரம்பிங்க

மத்த ஊர்ல "வெயில் ஜாஸ்தி"ன்னு ஆரம்பிப்போம்ல, இங்க அது காத்து. "இன்னைக்கு காத்து எப்படிண்ணே?" அவ்வளவுதான், பத்து நிமிஷம் ஓடும். ஆனா கேக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க. பாம்பனுக்கு வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா. வடக்க இருக்கிறத பெண்கடல்னும் தெக்க இருக்கிறத ஆண்கடல்னும் சொல்லுவாங்க, தெக்க அலை ஜாஸ்தி அதனால. ஆனா அது வருஷம் பூரா அப்படியே இருக்காது, வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல பெண்கடலும் கோவிச்சுக்கும், கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து, அடிக்கிறப்ப தெக்குப்பக்கம் கொந்தளிக்கும். இந்த ரெண்டு காத்துப் பேரும் தெரிஞ்சிருந்தாலே உங்கள ஒரு மாதிரி மரியாதையாப் பாப்பாங்க.

அப்புறம் "பாடு எப்படிண்ணே"ன்னு கேளுங்க, மீன் கெடச்சுச்சான்னு அர்த்தம். எவ்வளவு ரூவா வந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க, உங்க சம்பளத்த டீக்கடைல கேட்டா எப்படி இருக்கும்.

கையில ஒரு பொழுதுபோக்கு வச்சுக்கங்க

நமக்குன்னு ஒரு கிறுக்கு இருந்தா பேச்சு தானா வரும். என்னோடது பறவை பாக்குறது. இந்த மாவட்டத்துக்கு வந்துட்டு பறவை பாக்காம இருக்கிறது, மதுரைக்குப் போயி கோயில் பாக்காம வர்ற மாதிரி. சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல்னு நாலு கண்மாய் ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைங்க பட்டியல்ல இருக்கு, ஒரே மாவட்டத்துல நாலு, யோசிச்சுப் பாருங்க. தனுஷ்கோடில குளிர்காலத்துல பூநாரை வந்து நிக்கும், அந்த எடத்த 2025 ஜூன்ல அரசாங்கம் பூநாரை சரணாலயமா அறிவிச்சுது. பைனாகுலர் வாங்குறதா இருந்தா எட்டுக்கு நாப்பத்திரெண்டுன்னு கேட்டு வாங்குங்க, அதாவது எட்டு மடங்கு கிட்ட தெரியும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். அதுக்கு மேல பெருசு பண்ணா கடக்கரைக் காத்துல கை ஆடி ஒண்ணும் தெரியாது.

இப்ப பேச்சுக்கு வாங்க. "நான் நேத்து பூநாரை பாத்தேன், 200 இருக்கும்"னு பெருமை அடிச்சா பேச்சு அங்கயே முடிஞ்சுது. "அண்ணே, காலு நீளமா ரோஸ் கலர்ல ஒண்ணு நிக்குதே, அது எந்த மாசம் வரும்?"னு கேட்டுப் பாருங்க. நாப்பது வருசமா அந்தத் தண்ணியில நிக்கிற மனுசன், நம்ம புத்தகத்துல இல்லாதத சொல்லுவாரு. நான் பறவைப் பேரு பாதிய அப்படித்தான் கத்துக்கிட்டேன், அதுல சிலது தப்பாவும் இருக்கும், திருத்தாதீங்க, அப்புறமா வீட்ல போயி சரி பாத்துக்கலாம்.

சங்கு, பவளம் பொறுக்குறது உங்க பொழுதுபோக்குன்னா அத விட்டுருங்க. பவளப்பாறை, கடல் அட்டை, சில வகை சங்கு எல்லாம் வன உயிரின சட்டத்துல வர்றது, கேஸ் ஆயிரும்.

நாட்டு நடப்பு பேசுறது

புதுசா வர்றவங்க வழுக்கி விழுற எடமே இதுதான். செய்தி நமக்கு டிவில ஓடுற விஷயம், இங்க அது பக்கத்து வீட்டு விஷயம். நான் பண்ணுன கூத்தச் சொல்றேன். ஒரு தடவை மீனவர் கைது பத்தி பேச்சு வந்துச்சு, நான் பேப்பர்ல படிச்சத வச்சு "எல்லை தாண்டாம இருந்தா என்னவாம்"னு பெரிய இவன் மாதிரி விட்டுட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு வலது பக்கம் உக்காந்திருந்தவர் கிளாஸ வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவரு மச்சினன் அப்ப யாழ்ப்பாணம் பக்கம் ஜெயில்ல இருந்தாருன்னு அப்புறம்தான் சொன்னாங்க. மறுநாள் போயி மன்னிப்புக் கேட்டேன், "விடு தம்பி"ன்னாரு, ஆனா ரெண்டு வாரம் பேச்சு ஒட்டவே இல்ல.

அதனால தீர்ப்பு சொல்லாதீங்க, கேளுங்க. ஆரம்பத்துக்கு பாம்பன் பாலம் நல்ல டாபிக். பழசு 1914ல தொறந்தது, கப்பல் வந்தா ஆளுங்க கையால சுத்தித்தான் தொறந்துக்கிட்டிருந்தாங்க. 2022 டிசம்பர்ல அதுல ரயிலை நிறுத்திட்டாங்க, புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ல தொறந்தாங்க, நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு அப்படியே லிப்ட் மாதிரி மேல போகும். பழசு அழகா புதுசு அழகான்னு ஒரு கேள்வி போடுங்க, ரெண்டு கட்சி பிரிஞ்சு உங்களுக்கு வேலையே இருக்காது.

அடுத்தது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள். இது விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகும். இந்த வித்தியாசம் தெரியாம "இப்ப எல்லாரும் லீவா"ன்னு கேக்காதீங்க, பக்கத்துல உக்காந்திருக்கிறவர் எந்தப் படகுன்னு தெரியாதுல்ல.

கச்சத்தீவு பேச்சு வந்தா கொஞ்ச நேரம் காது மட்டும் குடுங்க. 1974 ஒப்பந்தம், எந்தக் கட்சி என்ன பண்ணுச்சுன்னு சத்தம் ஏறும். ஏறுறப்ப ஒரு வழி இருக்கு, "அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிருக்கீங்களாண்ணே?"ன்னு கேட்டுருங்க. அந்தத் தீவுல நடக்குற திருவிழாவுக்கு ரெண்டு நாட்டு ஆளும் வர்றாங்க, யாரு யாரப் பாத்தாங்க, என்ன வாங்கிட்டு வந்தாங்கன்னு பேச்சு அப்படியே மாறிடும். எனக்கு இது ஒரு தடவைகூட பொய்யாப் போனதில்ல.

புயல் பார்வேர்ட் மட்டும் வேணாம்

வாட்ஸப்புல வந்தத வச்சு "புயல் வருதாம்ணே"ன்னு ஆரம்பிக்காதீங்க. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி ஊரே ரயிலோட அழிஞ்சுபோன கதைய பாட்டி வாயால கேட்டு வளந்த ஊரு இது. வானிலை மையம் அறிவிப்பு வந்திருக்கா, பாம்பன்ல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்திருக்காங்களா, எத்தனாம் நம்பர்னு பாத்துட்டுப் பேசுங்க. ஒண்ணாம் நம்பர்னா எங்கயோ தூரத்துல உருவாகுதுன்னு அர்த்தம், நம்பர் கூடக் கூடத்தான் பயம். அத அவங்க உங்களுக்கு விளக்கட்டும், விளக்குறது அவங்களுக்குப் பிடிக்கும்.

கெளம்புறது

பேச்சு நல்லா இருக்கிறப்பவே எந்திரிச்சுருங்க. "வர்றேண்ணே"ன்னு சொல்லுங்க, போறேன்னு சொல்லாதீங்க, கடலுக்குப் போற வீடுகள்ல அந்த வார்த்தைய காதுல வாங்க மாட்டாங்க. டீக்காசு நீங்க குடுக்கப் போனா யாராவது கையப் பிடிப்பாங்க, ரெண்டு தடவை மல்லுக்கட்டுங்க, மூணாவது தடவை விட்டுக்குடுத்துருங்க. மறுநாள் அவரு வர்றதுக்கு முன்னாடியே கடைக்காரர்கிட்ட அவருக்கும் சேத்து குடுத்து வச்சுருங்க.