எக்செல்லில் ரிஸ்க் ஹீட் மேப்: நிறம் தப்பாக விழாமல் செய்வது எப்படி

ரிஸ்க்குகளை நிகழும் வாய்ப்பு, பாதிப்பு இரண்டையும் வைத்து நிறக் கட்டங்களில் காட்டும் அட்டவணைதான் ரிஸ்க் ஹீட் மேப். இதற்கு இரண்டு ஷீட் வேண்டும். முதலாவதற்குப் ‘பதிவேடு’ என்று பெயர் வையுங்கள்: பி நெடுவரிசையில் ரிஸ்க், சி-யில் நிகழும் வாய்ப்பு, டி-யில் பாதிப்பு, இ-யில் மதிப்பெண். சி, டி இரண்டிலும் 1 முதல் 5 வரை முழு எண் மட்டும் நுழையும்படி டேட்டா வேலிடேஷன் போடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பொருளை எழுதிவைப்பது கட்டாயம் (‘5: மாதம் ஒருமுறையாவது நடக்கும்’). இல்லையென்றால் ஆளுக்கொரு கணக்கில் 3 போடுவார்கள்.

இ2-இல் இதை எழுதி இ200 வரை இழுங்கள் (இங்குள்ள ஃபார்முலாக்களை எக்செல்லில் IF, COUNT, C2 என ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்): =இஃப்(கவுண்ட்(சி2:டி2)<2,"",சி2*டி2)

இதற்கு நிறம் கொடுக்க கலர் ஸ்கேலை (எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தானாக நிறமேற்றும் வசதி) தொடாதீர்கள். பட்டியலில் இருப்பதிலேயே பெரிய எண்ணை அது சிவப்பாக்கும். எல்லாமே 6-க்குள் இருந்தாலும் ஒன்று சிவந்து நிற்கும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் ‘பிட்வீன்’ விதியை எடுங்கள்: 1–4 பச்சை, 5–9 மஞ்சள், 10–14 ஆரஞ்சு, 15–25 சிவப்பு. ‘15-க்கு மேல்’ என்று ஒரு பக்க எல்லை மட்டும் வைத்தால் நிரப்பாத வரிசைகளும் சிவப்பாகும். காரணம், ஃபார்முலா தரும் "" எழுத்து வகை. எக்செல் எழுத்தை எந்த எண்ணையும்விடப் பெரிதாகவே ஒப்பிடும்.

இரண்டாவது ஷீட்தான் மேப். ஏ2 முதல் ஏ6 வரை 5, 4, 3, 2, 1 (வாய்ப்பு). பி1 முதல் எஃப்1 வரை 1 முதல் 5 (பாதிப்பு). பி2-இல் இதை எழுதி எஃப்6 வரை இழுங்கள்:

=கவுண்ட்இஃப்ஸ்(பதிவேடு!$சி$2:$சி$200,$ஏ2,பதிவேடு!$டி$2:$டி$200,பி$1)

பலரும் சறுக்குவது இங்கேதான். கட்டத்துக்குள் இருப்பது ரிஸ்க்குகளின் எண்ணிக்கை; நிறம் அதைப் பார்க்கக் கூடாது, கட்டத்தின் இடத்தைப் பார்க்க வேண்டும். பி2:எஃப்6 முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா விதியாக =$ஏ2*பி$1>=15 என்று கொடுத்துச் சிவப்பு வையுங்கள்; விதிப் பட்டியலில் அதற்குக் கீழே இதே வரிசையில் ஆரஞ்சு, மஞ்சள், பச்சைக்கு >=10, >=5, >=1. டாலர் குறி இடம் மாறினால் நிறங்கள் கோணலாகச் சிதறும். வெறும் 0 கண்ணை உறுத்தினால் நம்பர் ஃபார்மேட்டில் 0;; போடுங்கள்.

பெருக்கலுக்கு ஒரு குறை உண்டு. அரிதாக வரும் பேரழிவும் (1×5) அடிக்கடி வரும் சில்லறைத் தொல்லையும் (5×1) ஒரே மஞ்சள். இதை அப்படியே விடக் கூடாது. சிவப்பு விதிக்கு நேர் கீழே =பி$1=5 என்று ஆரஞ்சு விதி ஒன்றைச் செருகுங்கள்; பதிவேட்டிலும் அதே இடத்தில் =$டி2=5.

கடைசியாக, மேப்பின் =சம்(பி2:எஃப்6) பதிவேட்டின் =கவுண்ட்(இ2:இ200)-உடன் ஒத்துப்போகிறதா பாருங்கள். குறைந்தால், யாரோ 2.5 அல்லது 6-ஐக் காப்பி செய்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டும் எண்ணை வேலிடேஷன் தடுக்காது.