குழந்தையின் செந்நிறக் கட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்து சில வாரங்களுக்குள் சிறு சிவப்புப் புள்ளியாகத் தோன்றி, பிறகு மளமளவெனப் பெருத்து மேடிடும் ஹீமாஞ்சியோமா என்னும் இரத்தநாளக் கட்டியை மச்சம் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ நான்கைந்து பேருக்கு வரும் இக்கட்டி, பெண் குழந்தைகளிடமும் எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்தவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. இது புற்றுநோய் அன்று. பெரும்பாலானவற்றுக்கு மருந்தும் தேவையில்லை.

"தானாகவே போய்விடும், ஒரு வயது ஆகட்டும்" என்ற அறிவுரைதான் முதல் தவறு. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. கட்டி மிக வேகமாக வளர்வது ஐந்தாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை. மூன்று மாதத்துக்குள் தன் முழு அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அது எட்டிவிடுகிறது. சுருங்குவதோ நான்கு வயது வரை மெல்ல நடக்கும்; அதற்குள் இழுபட்ட தோல் பழையபடி திரும்புவதில்லை. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஆறாவது வாரத் தடுப்பூசிக்காகப் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கி வரும் நாளே இதைக் காட்டுவதற்குக் கடைசி நல்ல வாய்ப்பு. ஊசி போடும் தொடையை மட்டும் பார்க்காமல், துணியை அவிழ்த்து முதுகையும் அரையையும் ஒருமுறை பார்த்துவிட்டால் செவிலியருக்கு ஒரு நிமிடம்தான் கூடுதலாகும்.

எல்லாக் கட்டியையும் ஒன்றாகக் கருதுவது அடுத்த தவறு. இமையில் உள்ளது சிறியதானாலும் பார்வையைக் கெடுக்கும். கண் மருத்துவத்துக்குப் பேர்போன மதுரையில் இதற்குத் தாமதம் கூடாது. தாடைப் பகுதியில் பரவியிருந்து மூச்சில் ஓசை கேட்டால் அன்றே அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போக வேண்டும். கீழ்முதுகில் இடுப்பை ஒட்டி நடுக்கோட்டில் இருந்தால் தண்டுவடத்தையும், உடலில் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் கல்லீரலையும் ஸ்கேன் செய்து பார்ப்பது முறை. வயிற்றிலோ கையிலோ தனியாக ஒன்று இருந்தால் ஸ்கேன் எதுவும் வேண்டாம். பிறக்கும்போதே தட்டையாக இருந்து, குழந்தையோடு சேர்ந்து மட்டும் பெரிதாகும் செந்தழும்பு வேறு வகை. ஹீமாஞ்சியோமாவுக்கான மருந்துகள் அதற்குப் பயன்படா.

சூடு போடுவது, வசம்பு சுட்டுக் குழைத்துத் தடவுவது, சுண்ணாம்பு வைப்பது ஆகியவை வடுவைத்தான் தரும். பழைய கதிர்வீச்சு முறையும் இன்று கைவிடப்பட்டதே. 2008இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயக் கோளாறுக்காகப் புரோப்ரனோலால் கொடுத்த குழந்தையின் கட்டி சுருங்குவதைத் தற்செயலாகக் கண்டறிந்தார்கள். அந்த மலிவான மாத்திரை நம்மூர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது.

மலிவானது என்பதாலேயே கவனமின்றிக் கையாளப்படுகிறது. வழக்கமான அளவு, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம், பிரித்துக் கொடுப்பது; தொடக்கத்தில் அதைவிடக் குறைவு. நான்கு கிலோ குழந்தைக்கு 2 மில்லிகிராம் கணக்கில் வேளைக்கு 4 மில்லிகிராம், இருவேளை. திரவ மருந்து கிடைக்காத இடத்தில் 10 மில்லிகிராம் மாத்திரையை 10 மில்லி நீரில் கரைத்து 4 மில்லி எடுக்குமாறு மருத்துவர் சொல்லியிருக்க, கடையில் 40 மில்லிகிராம் மாத்திரை வந்துவிட்டால் குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து போகும். அட்டையில் எழுதியிருப்பதை ஒவ்வொரு முறையும் படியுங்கள். பாலாடையில் பாலோடு கலக்கினால் வழிந்தது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்று தெரியாது. ஊசி கழற்றிய சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறம் விடுவதே சரி. தேன் கலக்கவே கூடாது.

வெறும் வயிற்றில் கொடுப்பதே இதில் பெரிய ஆபத்து, ஏனெனில் இரத்தச் சர்க்கரை சட்டெனக் குறைந்துவிடும். பால் குடித்தவுடன் கொடுக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, பால் மறுப்பு, மூச்சிழுப்பு ஆகியவை இருக்கும் நாளில் மருந்தை நிறுத்தி மருத்துவரைக் கேட்க வேண்டும். குளிர்ந்த வியர்வையும் எழுப்ப முடியாத தூக்கமும் கண்டால் காத்திருக்கலாகாது. மூச்சிரைப்பு நோய் உள்ள குழந்தைக்கு இந்த மருந்து கூடாது. குறைமாதக் குழந்தைக்கும், ஐந்து வாரத்துக்குள் உள்ள குழந்தைக்கும் முதல் வேளையை மருத்துவமனையில் தொடங்குவதே நல்லது.

மெல்லிய, சிறிய கட்டிக்குக் கண்நீர் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்தை மேலே தடவினால் போதும். ஆனால் அதுவும் தோல் வழியே உடலுக்குள் செல்லும் மருந்தே. புண்ணின் மீதோ உதட்டின் உட்புறத்திலோ தாராளமாகத் தடவலாகாது. புண்ணானால் காப்பித்தூளும் மஞ்சளும் வேண்டாம். சுத்தமான நீரால் கழுவி, வாசலின் தடவி, ஒட்டாத துணியால் மூட வேண்டும். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும்.

நிறம் மங்கியதும் மூன்றாவது மாதத்திலேயே மாத்திரையை நிறுத்திவிடுவதையும் பார்க்கிறோம். குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை மருந்து தொடர வேண்டும். இடையில் எடை கூடக்கூட அளவையும் திருத்த வேண்டும். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கைபேசியில் படம் எடுத்து வைத்தால், முன்பின் பார்த்திராத மருத்துவரும் வளர்ச்சியா சுருக்கமா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.